நார்ப் டீட்ரிக்கும் பேசாத வால்வும்

நார்ப் டீட்ரிக்கிடம் காரைக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு வகை. இன்ஜினில் சத்தம் வருகிறது என்று முறையிடுகிறவர்களைச் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவான். சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று பெருமை பேசுகிறவர்களைத்தான் உட்காரவைப்பான். "எத்தனை நாளா இப்படி?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பான்.

நான் இரண்டாவது வகை. என் பெயர் ஆர்டிஸ். எல்க்கார்ட் ஏரிக்கு மேற்கே உள்ள பண்ணைகளுக்கெல்லாம் இருபத்தாறு வருடம் தபால் போட்டவள். என் கணவர் பட்டாளத்தில் இருந்தபோது இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த பச்சைக் கார் ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டே இருக்கை, தாழ்வான உடம்பு, வலது பக்கம் ஸ்டியரிங். அவர் போய்ச் சேர்ந்ததும் அதை விற்றுவிடு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தபால்காரிக்கு வலது பக்க ஸ்டியரிங்கின் அருமை தெரியாத ஜனங்கள். எங்கள் தபால் பெட்டிகள் எல்லாம் சாலையின் வலது ஓரத்தில் நிற்கின்றன. மற்ற கார்களில் ஸ்டியரிங் இடது பக்கம், அந்தப் பக்கம் சாய்ந்து பாதி உடம்பை வெளியே நீட்டித்தான் தபாலைப் போட முடியும். நானோ ஜூன் முதல் செப்டம்பர் வரை ராணி மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்டுக்கொண்டு போவேன்.

1992 கோடையில் அந்தக் கார் நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டே வந்தது. அதுவரை டிக் டிக் என்று தையல் மிஷின் போல ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த இன்ஜின், ஒரு காலையில் மூடுபனிக்குள் போகும்போது மூச்சே விடவில்லை. சோளக்காட்டு வாசனையும் நாரைகளின் கூப்பாடும் நானும் மட்டும் சாலையில் மிதந்துகொண்டிருந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் தபால் போட்டதே கிடையாது.

ஊரார் வாராவாரம் கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த நார்ப் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஆர்டிஸ், நாளைக்கு அதை வெளிய எடுக்காதே."

"ஏன்? உனக்குப் பொறாமை."

"சொன்னாக் கேளு. அது வாயை மூடிக்கிச்சு."

கேட்டால் நான் ஆர்டிஸ் இல்லையே. நான்கு நாள் கழித்து, லாக்ஸ் பண்ணையின் தபால் பெட்டிக்கு முன்னால், அரைவை இயந்திரத்துக்குள் கரண்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். வண்டி இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். என் மானம் மூன்று மைல் தூரத்துக்கு ஊர்வலம் போனது.

நார்பின் பட்டறை பழைய பாலாடைக்கட்டித் தொழிற்சாலை. வெள்ளை ஓடு பதித்த சுவர், நடுவே சாக்கடை ஓடும் தரை. மழை நாளில் இன்றைக்கும் மோர்த் தண்ணீர் வாசனை எழும். பின்கதவைத் திறந்தால் சதுப்பு நிலம். காலைப் பனி அந்த வழியாக உள்ளே வந்து கார்களின் சக்கரம்வரை படுத்துக்கொள்ளும். அங்கே போனாலே எனக்குத் தூக்கக் கலக்கம் போல ஒரு சுகம் வரும். அன்றைக்கு வரவில்லை.

அவன் இன்ஜினின் தலைப்பாகமான ஹெட்டைக் கழற்றி ஒரு வால்வை என் உள்ளங்கையில் வைத்தான். நீண்ட தண்டில் வைத்த காளான் மாதிரி இருந்தது. அதன் வட்ட விளிம்பில் ஒரு துண்டைக் காணோம், யாரோ பிஸ்கட்டைக் கடித்த மாதிரி.

"முன்னெல்லாம் பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்துச்சு. வால்வு வந்து உக்கார்ற இடத்துல அது மெத்தை மாதிரி. இப்ப மெத்தையை உருவிட்டாங்க. வால்வு வெறும் இரும்புல டமால் டமால்னு உக்காந்து, இரும்பை அரிச்சு, உள்ளே உள்ளே போகுது. அது உள்ளே போகப் போக மேல இருக்கிற இடைவெளி குறையும். அந்த இடைவெளிதான் டிக் டிக்குன்னு பேசுறது. இடைவெளி போனா பேச்சும் போச்சு. அப்புறம் வால்வால முழுசா மூட முடியாது. நெருப்பு அந்தச் சந்துல புகுந்து ஓரத்தைத் தின்னுடும்."

"அப்ப நான் சந்தோஷமா இருந்த மூணு மாசமும் அது செத்துக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா. நீ அதை ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்டுத் திரிஞ்சே."

எட்டு வால்வுகளையும் மாற்றினான். அவை உட்காரும் இடத்தைக் குடைந்து கடினமான எஃகு வளையங்களை இறக்கினான். பிறகு, ஊரே வேடிக்கை பார்க்கிற அந்தக் காரியத்தைச் செய்தான். பாலாடைத் தொட்டியைக் கிளறுகிற மேப்பிள் மரத் துடுப்பின் காம்பு ஒன்று அவனிடம் இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, காம்பின் ஒரு முனையை ஹெட்டின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். மறு கை, வால்வின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைத் திருப்பும், மயிரிழை மயிரிழையாக. பார்க்கிறவர்களுக்கு அவன் நின்றபடியே தூங்குகிற மாதிரி இருக்கும்.

மற்ற மெக்கானிக்குகள் இடைவெளி பார்க்க மெல்லிய எஃகுத் தகடுகளை நுழைத்து அளப்பார்கள். நார்பிடமும் ஒரு கொத்துத் தகடு ஆணியில் தொங்கியது. எண்ணெய் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. "அதெல்லாம் காது இல்லாதவனுக்கு" என்பான். முப்பது வருடமாக இதே நக்கல்.

ஜூலையில் ஏரிக்கரைப் பந்தயப் பாதையில் பழைய கார்களுக்கான பந்தயம் நடக்கும். மில்வாக்கியிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் வருகிற பெரிய மனிதர்கள் தங்கள் வண்டிகளை வரிசையில் நிறுத்தி, நார்ப் காம்போடு வந்து காது வைத்துத் தலையாட்டும்வரை ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள். அவனுக்கு வேறு சொத்து கிடையாது. பிள்ளைகள் இல்லை, படிப்பு எட்டாவதோடு சரி, சீட்டாட்டத்திலும் தோற்பான். அந்தக் காதுதான் அவன்.

அடுத்த வருடம் மே மாதம் என் காரைப் பார்க்கக் கொண்டுபோனேன். காது வைத்துக் கேட்டவன் முகம் சுளித்தான்.

"அடங்கிப் போயிருக்கு. கொஞ்சம் தளர்த்திவிடறேன்."

புது வால்வு, புது வளையம், அதற்குள்ளேயா? ஆனால் போன முறை பட்டது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தான், மறுபடி தளர்த்தினான். ஜூனில் இன்னொரு தடவை. அதற்குப் பிறகு என் கார் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உல்ஃப் வீட்டு நாய் நான் வருவதற்கு அரை மைல் முன்பே குரைக்க ஆரம்பித்தது. "ஆர்டிஸ், தபால் கொண்டு வர்றியா, பீரங்கி கொண்டு வர்றியா?" என்று கிழவர் உல்ஃப் கேட்டார்.

என் வண்டி மட்டும் இல்லை. அந்த வசந்தத்தில் நார்ப் மூன்று கார்களின் ஹெட்டைக் கழற்றினான். மூன்றும் அடங்கிப் போய்விட்டன என்று அடித்துச் சொல்லித்தான் கழற்றினான். உள்ளே இருபத்துநான்கு வால்வுகளும் முழு நிலவு மாதிரி விளிம்பு குறையாமல் இருந்தன. ஒன்றும் விளங்காமல், துடைத்துத் திரும்ப மாட்டினான்.

"எல்லா இன்ஜினும் அடங்கிக்கிட்டு வருது, ஆர்டிஸ்," என்றான் ஒருநாள். "பெட்ரோல்ல புதுசா என்னமோ கலக்குறாங்க. நேத்து ஒரு கனாக் கண்டேன். ஏரிக்கு அடியில வரிசையா கார் நிக்குது. எல்லாம் ஓடிக்கிட்டிருக்கு. தண்ணிக்குள்ள மீன் வாயைத் திறந்து திறந்து மூடுமே, அந்த மாதிரி. ஒரு சத்தம் இல்லை. நான் போய் ஒவ்வொண்ணுக்கும் காது வைக்கிறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை. அழகாத்தான் இருந்துச்சு. அதுதான் பயமா இருந்துச்சு."

அப்போது பொழுது சாய்கிற நேரம். பட்டறையின் பின்கதவுக்கு வெளியே சதுப்பு நிலம் வெள்ளியாக மினுங்கியது. அதிலிருந்து சின்னத் தவளைகள் கீச்சுக் குரலில், ஆயிரம் சலங்கையை ஒருசேரக் குலுக்கினாற்போலக் கத்திக்கொண்டிருந்தன. காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று நினைத்தேன். நார்ப் கதவுநிலையில் சாய்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்தான்.

"இந்த வருஷம் தவளைகூட வரலை, பாத்தியா?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் எதுவும் அடங்கவில்லை. இவன் காது அடங்கிவிட்டது. எதிரே நின்று பேசினால் கேட்கிறது, கீச்சுச் சத்தமும் டிக் டிக்கும்தான் விழுவதில்லை. தனக்குக் கேட்கிறவரைக்கும் என் வால்வுகளைத் தளர்த்திக்கொண்டே போயிருக்கிறான்.

நேராக அவன் மனைவி ஆர்விலாவிடம் போனேன். ஜாமுக்கு ருபார்ப் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவே இல்லை.

"இப்பத்தான் கண்டுபிடிச்சியா? ரெண்டு வருஷமா சமையல்கட்டுல நின்னு வாய்க்கு வந்தபடி திட்டறேன். திருப்பிப் பேசறதே இல்லை. வயசானதும் மனுஷன் திருந்திட்டான்னுல்ல நினைச்சேன்!"

சிரித்தாள். சிரித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"நீ சொல்லக் கூடாதா, ஆர்விலா?"

"நான் சொன்னா அது புருஷன் பொண்டாட்டி சண்டை. நீ சொன்னா வண்டி விஷயம். வண்டி விஷயம்னாத்தான் அவன் நம்புவான்."

நானும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கோழையாகத் திரிந்தேன். அடைமழையானாலும் பனியானாலும் தபாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள், இந்த ஒரு சேதியை மட்டும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். டக டகவென்று அந்தக் காரை ஓட்டிக்கொண்டு, நீலப் பூ பூத்த சாலையோரமெல்லாம் அவனுக்கு என்ன சொல்வது என்று எனக்கு நானே பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் நின்றது.

பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை, தபாலாபீஸ் பலகையில் நிகழ்ச்சி நிரலை ஒட்டினார்கள். சனிக்கிழமை காலை, ஓட்டுநர் கூட்டம், கூடாரத்தில். அதில் ஒரு வரி: 'நார்பர்ட் டீட்ரிக் பேசுகிறார்: பெட்ரோலும் வால்வும்.' பந்தயத்தை நிறுத்தச் சொல்லப் போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் இன்ஜின்கள் எல்லாம் செத்துக்கொண்டிருக்கின்றன என்று, டகடகவென்று ஓடும் நாற்பது கார்களுக்கு முன்னால் நின்று சொல்லப் போகிறான். அவர்கள் முகத்துக்கு நேராகச் சிரிக்கமாட்டார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அடுத்த வருடம் யாரும் அவனுக்காகக் காத்து நிற்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் காரை அவன் பட்டறைக்குள் விட்டு நிறுத்தினேன். தரையெல்லாம் பனி படுத்திருந்தது. ஆணியில் தொங்கிய தகட்டுக் கொத்தை எடுத்து, மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்து, அவன் கையில் கொடுத்தேன்.

"என் வண்டியை இதால அளந்து பாரு."

"உனக்கென்ன பைத்தியமா? எனக்கு எதுக்கு இது?"

"அளந்து பாரு, நார்ப். எனக்காக."

முணுமுணுத்துக்கொண்டே மூடியைக் கழற்றினான். அந்தக் காருக்கு இருக்கவேண்டிய இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் பன்னிரண்டு. பன்னிரண்டாம் தகட்டை விட்டான். அது கொட்டாவிக்குள் ஈ போவது போலப் போய் வந்தது. பதினைந்தை விட்டான். பதினெட்டு. இரண்டு தகட்டைச் சேர்த்துப் பிடித்தான். இருபத்துநான்கு. இருபத்தெட்டில்தான் லேசாகப் பிடித்தது.

அடுத்த வால்வு. அதுவும் இருபத்தெட்டு. எட்டும் அப்படித்தான். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை. அவன் கை அவ்வளவு சுத்தம்.

கவிழ்த்துப் போட்ட பால் கேன் மேல் உட்கார்ந்தான். பின்கதவு திறந்திருந்தது. தவளைக் காலம் முடிந்து இப்போது புல்லில் பூச்சிகள் ரீங்கரித்துக்கொண்டிருந்தன. அவன் வெளியே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"தவளை வந்துச்சா?"

"வந்துச்சு."

"நிறையவா?"

"காது கிழிஞ்சுது, நார்ப்."

தலையை ஆட்டினான். நெடுநேரம் தகடுகளை விசிறி மாதிரி விரித்தும் மூடியும் கொண்டிருந்தான். அழுதிருந்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"உன் வண்டி ரொம்பச் சத்தம் போடுதா?"

"உல்ஃப் வீட்டு நாய் ஓடைக்கு அந்தாண்டையிலிருந்தே குரைக்குது."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, கண்ணீரும் சேர்ந்து வந்தது. அவன் எழுந்து, எட்டு வால்வுகளையும் தகடு வைத்துப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தான். இன்ஜினை முடுக்கினேன். பழைய தையல் மிஷின் திரும்பி வந்திருந்தது, டிக் டிக் டிக் டிக் என்று. அவன் காம்பைத் தொடவில்லை. என் பக்கம் கையை நீட்டினான்.

"எப்படிப் பேசுது? காட்டு."

அவன் முன்கையில் என் விரல்களால் தட்டினேன், கேட்டது கேட்டபடி. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பனி எங்கள் முழங்கால்வரை ஏறியிருந்தது. எவ்வளவு நேரம் தட்டினேன் என்று தெரியாது, விரல் வலித்த பிறகுதான் நிறுத்தினேன்.

சனிக்கிழமை கூடாரத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நல்ல சட்டை போட்டிருந்தான், ஆர்விலா இஸ்திரி போட்டது.

"உங்க இன்ஜின் எல்லாம் அடங்கிப் போச்சுன்னு சொல்ல வந்தேன்," என்றான். "அடங்கலை. என் காதுதான் போச்சு. மூணு பேரோட ஹெட்டைச் சும்மா கழட்டிட்டேன், அவங்க மன்னிக்கணும். போய் ஓட்டுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. நார்ப் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். நான் பின்னாலேயே போனேன்.

வரிசையில் நின்ற கார்கள் உறுமிக்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகவேண்டும். முதல் காருக்குப் பக்கத்தில், அவன் சும்மா ஹெட்டைக் கழற்றின மில்வாக்கி பல் டாக்டர், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். நகரவில்லை. இன்ஜின் மூடியை ஏற்கெனவே திறந்துவைத்திருந்தார்.

நார்ப் ஒரு நிமிடம் நின்றான். பிறகு சட்டைக் கையை மடித்து என் பக்கம் நீட்டினான். நான் குனிந்து கேட்டுத் தட்டினேன். தலையாட்டினான். டாக்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அடுத்த காரிலும் மூடி திறந்தது. அதற்கடுத்ததிலும். நார்ப் டீட்ரிக் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டியபடி, கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி மெதுவாக நடந்தான். அவன் கை முழுக்க என் விரல் பட்டுச் சிவந்துவிட்டது.

ஒன்பதாவது கார் வெள்ளை நிறம், இத்தாலியிலிருந்து வந்தது. அதன் சொந்தக்காரர் சின்ன வயதுக்காரர். "போன மாசத்திலேருந்து சும்மா பட்டு மாதிரி ஓடுது, ஐயா," என்றார் பெருமையாக. நான் குனிந்தேன். தட்ட விரலை எடுத்தேன். எடுத்த விரல் அவன் கைக்கு மேலேயே நின்றது.

நார்ப் கண்ணைத் திறந்தான்.

"ஏன் நிறுத்திட்டே?"

"கேக்கலை."

"நல்லாக் கேளு."

இன்னும் கிட்டக் குனிந்தேன். புகைபோக்கியின் மூச்சு வந்தது, விசிறியின் காற்று வந்தது. டிக் டிக் மட்டும் வரவில்லை.

"ஒண்ணுமே கேக்கலை, நார்ப்."

அவன் முகம் மலர்ந்தது. அந்த வருடத்தில் முதல் தடவையாக எங்கள் இருவர் காதிலும் விழுந்தது ஒன்றேதான். சின்ன வயதுக்காரரின் தோளில் கையைப் போட்டு, துக்கம் விசாரிக்கிற அந்தப் பழைய குரலில் நார்ப் சொன்னான்:

"அதை அணைச்சிடு தம்பி."